பட்டம் மலிந்த சீமையில் வீரன் யார்?

நெல்லைச் சீமையில் நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் அரசுப் பேருந்தை இன்னமும் 'கட்டபொம்மன் பஸ்' என்றுதான் சொல்கிறார்கள். பஸ்ஸின் நெற்றியிலிருந்து அந்தப் பெயரை அழித்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மக்களின் நாக்கு இன்னும் விடவில்லை.

அப்போது மாவட்டத்துக்கே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனியாகப் பிரிந்தபோது அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். 1997 மே மாதம் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. சுந்தரலிங்கம் கவர்னகிரிக்காரர், தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பிறந்தவர். பாஞ்சாலங்குறிச்சிப் படையில் கட்டபொம்மனுக்குத் தோள்கொடுத்து நின்றவர். வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்துத் தன்னையும் மாய்த்துக்கொண்டார் என்று அந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கல்வீச்சு, தீவைப்பு, உயிர்ப்பலி எனத் தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை ஒரேயடியாக எடுத்துவிட்டது. கட்டபொம்மன் பெயரும் போயிற்று, வ.உ.சி. பெயரும் போயிற்று. 1799இல் ஒரே கோட்டைக்காகச் சண்டை போட்ட இருவருக்கு 1997இல் அடுத்தடுத்த பஸ்ஸில் இடமில்லாமல் போய்விட்டது.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்த நாள். நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் பாளையக்காரர், ஒண்டிவீரன் அவர் படையின் தளபதி. கும்பினிக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் எதிராக ஒரே பக்கம் நின்றவர்கள். இந்த இரண்டு நாளும் நெருங்கினால் தென்காசி மாவட்டத்தில் தடை உத்தரவு வருகிறது. எந்த ஊர்க்காரர் எந்த வழியாக வரலாம், எத்தனை வண்டி வரலாம், எத்தனை மணிக்கு மாலை போடலாம் என்று போலீஸ் அட்டவணை போடுகிறது. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் 2016இல் மணிமண்டபம் திறந்தார்கள். அது நியாயமான மரியாதை, ரொம்பக் காலம் தாமதமாக வந்த மரியாதை. ஆனால் அந்த மண்டபத்துக்குள் எல்லாச் சாதிக்காரரும் தம் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "இவர் நம்ம ஆளு" என்று சொல்லும் நாள் இன்னும் வரவில்லை. ஒருவன் ஊருக்கெல்லாம் செத்தான் என்பதால்தான் அவன் வீரன். அவனை ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தமாக்கினால் அந்தச் சாவையே சிறுமைப்படுத்துகிறோம்.

சதுர அடிக் கணக்கில்

வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவிலிருந்து சமாதானபுரம் வரை ஒரு முகூர்த்த நாளில் நடந்து பாருங்கள். காதணி விழா ஃப்ளெக்ஸில் காது குத்திக்கொள்ளும் குழந்தை 'வருங்கால மாவீரன்'. பூப்புனித நீராட்டு விழாவில் தாய்மாமன் 'தென்பாண்டிச் சிங்கம்'. வார்டு கவுன்சிலர் 'மக்கள் நாயகன்'. முதல் படம் இன்னும் வெளிவராத பையன் 'உங்கள் ஹீரோ'. அச்சடிக்கும் கடைக் கம்ப்யூட்டரில் சிங்கம், சிறுத்தை, கிரீடம், தீப்பிழம்பு எல்லாம் தயாராக இருக்கின்றன. முகத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் போதும். விலை சதுர அடிக் கணக்கு. வீரன் என்ற பட்டத்துக்குத் தனியாகக் காசில்லை.

இதையெல்லாம் ஆசைக்குச் செய்கிறார்கள், போகட்டும் என்று விட்டுவிடலாம். பிள்ளை மேல் இருக்கிற பாசத்தில் ஒரு அடைமொழி கூடப்போனால் யாருக்கு நஷ்டம்? ஆனால் அதே கடையில், அதே சிங்கப் படத்தோடு, இன்னொரு வகை ஃப்ளெக்ஸும் அச்சாகிறது. பழிக்குப் பழி வெட்டுக்குத்தில் செத்த இருபது வயதுப் பையனுக்கு 'மாவீரனுக்கு வீரவணக்கம்'. படத்தில் அவன் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மேகத்துக்கு நடுவே நிற்கிறான். கீழே கூட்டாளிகள் படம் வரிசையாக. அதைப் பார்த்தபடிதான் ஒன்பதாம் வகுப்புப் பையன் தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறான். பழைய நெல்லைப் பேச்சில் இப்படிப்பட்டவர்களுக்குச் 'சண்டியர்' என்று தனிப் பெயர் இருந்தது. பெண் கொடுக்க யோசிப்பார்கள், கடன் கொடுக்கப் பயப்படுவார்கள். சண்டியர் எந்த வருஷம் மாவீரன் ஆனார் என்று தேதி சொல்ல முடியாது. ஆனால் ஆகிவிட்டார்.

ஈழத்தில் 'மாவீரர்' என்ற சொல்லைப் போரில் மாண்டவர்களுக்கு மட்டுமே வைத்தார்கள். அந்த அரசியலை ஏற்பவர்கள் உண்டு, எதிர்ப்பவர்கள் உண்டு. எப்படியிருந்தாலும், அங்கே அந்தச் சொல்லை உயிரோடு இருக்கும் யாரும் தனக்குப் போட்டுக்கொள்ள முடியாது என்பது மட்டும் இங்கே யோசிக்கவேண்டிய விஷயம்.

பட்டன் செருப்பு தைத்த கதை

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில், தாமிரபரணிக் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குத் தென் மாவட்டமே அங்கே திரளும். குடில் போட்டு, பொங்கல் வைத்து, ஆற்றில் குளித்து நாள்கணக்கில் தங்குவார்கள். சிங்கம்பட்டி ஜமீனுக்கு அங்கே பரம்பரை மரியாதை. அந்த வளாகத்திலேயே பட்டவராயன் சந்நிதி இருக்கிறது. அவருக்கு மாலையோடு செருப்பும் காணிக்கை. தோல் செருப்பு, ஜோடி ஜோடியாகச் சந்நிதியில் கட்டித் தொங்கும். அடுத்த வருஷம் வந்து பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், சாமி இரவில் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிக் காவல் காக்கிறார் என்பது நம்பிக்கை.

யார் இந்தப் பட்டவராயன்? வில்லுப்பாட்டில் இவர் பெயர் முத்துப்பட்டன். பிராமண வீட்டுப் பிள்ளை. அண்ணன்மாரோடு பிணங்கி வெளியேறியவர், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியக் குலத்துச் சகோதரிகளைக் காட்டில் கண்டு ஆசைப்படுகிறார். அவர்களின் தகப்பன் வாலப்பகடை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பூணூலை அறுக்கணும், குடுமியைச் சிரைக்கணும், செருப்பு தைத்துக் கடைவீதியில் விற்றுக் காட்டணும் என்கிறார். அண்ணன்மார் தம்பியைப் பிடித்துக் கல் அறையில் அடைக்கிறார்கள். பட்டன் தப்பி வந்து, வாலப்பகடை சொன்னதையெல்லாம் செய்கிறார். கல்யாணம் நடக்கிறது. அந்தச் சூடு ஆறும் முன்னே மாமனார் காவலில் இருந்த மாடுகளைக் கள்வர்கள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பட்டன் போகிறார், பலரை வெட்டிச் சாய்க்கிறார், ஒளிந்திருந்த ஒருவன் கையால் சாகிறார். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள்.

நிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டு வணங்குவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். கல்லைத் தேர்வதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை ஆறு கட்டங்களைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்தியிருக்கிறது. அந்த மரபு நெல்லையில் கொடையாகவும் வில்லுப்பாட்டாகவும் தொடர்ந்தது. ஒருவனை வீரன் என்று ஊர் ஒப்புக்கொண்டால் வேலை அதோடு முடியாது. வருஷா வருஷம் வரி பிரித்துக் கொடை கொடுக்கணும். வில்லில் வீசுகோல் விழ, குடம் முழங்க, உடுக்கு அதிர, விடிய விடிய அவன் கதையை முழுசாகப் பாடணும். அவன் எப்படிப் பிறந்தான், யாரோடு சண்டை போட்டான், யார் ஏமாற்றினார்கள், எந்த இடத்தில் விழுந்தான் என்று ஒன்று விடாமல் பாடணும். கதையில் ஓர் இடம் தப்பினால் சாமியாடுகிறவர் சும்மா இருக்க மாட்டார். பட்டம் கொடுத்த ஊர் அந்தப் பட்டத்துக்கு விலையும் கொடுத்தது.

இதில் மரியாதை மட்டும் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். நெல்லை, குமரிப் பக்கத்துத் தெய்வங்களில் பலர் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள். கொன்றவர்களின் பேரப்பிள்ளைகளே பயந்து பீடம் போட்டுக் கும்பிட்ட கதைகள் ஏராளம். சாமி எவ்வளவு துடியானதோ அவ்வளவு பெரிய குற்றம் அதன் பின்னால் இருக்கும். அந்தக் கும்பிடுதலில் பாதி, ஊரின் மனசாட்சி உறுத்தல். பட்டன் கதையில் பெண்கள் தீயில் இறங்கியதை இன்று யாரும் பெருமையாகச் சொல்லக் கூடாது.

இந்தக் கதையைக் காகிதத்தில் காப்பாற்றித் தந்தவர் நா.வானமாமலை. 1917இல் நாங்குநேரியில் பிறந்தவர், 'ஆராய்ச்சி' இதழ் நடத்தியவர். மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக 1970களின் தொடக்கத்தில் முத்துப்பட்டன் கதையையும் கட்டபொம்மன் கதைப்பாடலையும் பதிப்பித்தார். ஏட்டையும் பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த அவர் ஒன்றைக் கவனித்தார். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று பிற்காலத்தில் ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். சாதியை மீறியதுதான் பட்டனின் பெரிய துணிச்சல். கள்வரோடு போட்ட சண்டை அதற்கு அடுத்தபடிதான். அந்தத் துணிச்சலைக் கதையிலிருந்து உருவிவிட்டு, வாளை மட்டும் அவன் கையில் விட்டார்கள். இன்று ஃப்ளெக்ஸ் செய்வதும் அதே வேலைதான்: முறுக்கிய மீசையும் வாளும் மிஞ்சும், செய்த காரியம் காணாமல் போகும்.

அதே நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரை உடன் படிக்கும் பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் சாதியைக் காட்டும் கைக்கயிறு, நெற்றிக்குறி கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு கட்டிய கைகளுக்குத் தாங்கள் வீரப் பரம்பரை என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அரிவாளுக்கு நடுவே வெறுங்கையோடு பாய்ந்த அந்தச் சிறுமி செய்த காரியத்துக்கு எந்தப் பெயர் வைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

எதிரி எழுதி வைத்த சாட்சி

கட்டபொம்மன் என்றதும் நம் காதில் கேட்பது சிவாஜி கணேசனின் குரல். பி.ஆர்.பந்துலுவின் படம் 1959இல் வந்தது. கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நம் ஊர்களில் பள்ளி ஆண்டு விழா மேடையில் ஒட்டு மீசையோடு அந்த வசனத்தை முழங்காத தலைமுறை இல்லை. படத்தோடு சிவாஜி நின்றுவிடவில்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றில் இடம் வாங்கி 1970இல் சிலையும் எழுப்பினார். ஒரு சினிமா ஹீரோ தனக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கை உரியவனுக்குத் திருப்பிக் கட்டிய கதை அது. இன்றைய பட்டக்காரர்கள் யாராவது அந்தச் சாலையில் வண்டியை நிறுத்திப் பார்க்கவேண்டும்.

கட்டபொம்மன் வீரனா கொள்ளைக்காரனா என்று புத்தகம் போட்டுச் சண்டை பிடித்த காலமும் இருந்தது. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்வது, அவனைத் தூக்கில் போட்ட பானர்மேன் எழுதிய குறிப்புதான். 1799 அக்டோபர் 16ஆம் தேதி மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் கயத்தாற்றுக்கு வரவழைத்து, அவர்கள் கண்முன்னே விசாரணையும் தண்டனையும் நடத்தினார் பானர்மேன். மற்றவர்கள் பார்த்து நடுங்கவேண்டும் என்பது திட்டம். விசாரணை முழுக்கக் கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதையும், தனக்கு எதிராக நின்ற எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் இகழ்ச்சியோடு பார்த்ததையும் அவரே மேலிடத்துக்கு எழுதினார். புகழவேண்டிய அவசியமே இல்லாத ஒருவர் எழுதிய வரிகள் அவை.

அதைவிட ஒரு படி மேலான சாட்சி இன்னொன்று உண்டு. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளில் மறுபடி மண்ணால் எழுப்பினார்கள். மே 24 வரை கோட்டை தாக்குப்பிடித்தது. முற்றுகையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி பின்னாளில் ஒரு நினைவுக் குறிப்பு எழுதினார், 1830இல் வெளியானது. அதில் ஒரு சம்பவம்.

கோட்டை விழுந்த அன்று, பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சிலர் உயிரோடு யாராவது கிடக்கிறார்களா என்று போர்க்களத்துக்குத் தேடி வருகிறார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். வெட்டுக்காயம், ஆனால் மூச்சு இருக்கிறது. தூக்கப் போகிறாள். மகன் தடுக்கிறான். என்னை விட்டுவிடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அந்தத் தாய் மகனைக் களத்திலேயே விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்துகிறாள். கொஞ்ச நேரத்தில் எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். பெண்கள் ஊமைத்துரை மேல் துணியைப் போர்த்திவிட்டுச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். என்ன என்று கேட்டால், வைசூரி கண்டு பிள்ளை செத்துவிட்டான் என்கிறார்கள். வைசூரி என்றதும் வந்தவர்கள் ஓடிப்போகிறார்கள். அன்று தப்பிய ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்து மேலும் சில மாதம் போரிட்டு, அந்த நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலேற்றப்பட்டார்.

ஊமைத்துரைக்கு வரலாற்றில் இடம் இருக்கிறது. பிணத்தின் மேல் விழுந்து அழுவதுபோல் அழுதுகொண்டே, உண்மையில் பிணமாகிக் கொண்டிருந்த தன் மகனை நினைத்திருப்பாளே, அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. என்ன சாதி, எந்தத் தெரு என்பதும் நமக்குக் கிடைக்கவில்லை. யாரும் பங்கு கேட்க முடியாதபடி நிற்கிறாள் அவள். நெல்லைச் சீமையில் வீரம் என்று எதையாவது நான் பிள்ளைகளுக்குச் சொல்வதானால் முதலில் இதைச் சொல்வேன்.

பட்டம் கொடுத்தால் செலவு மிச்சம்

வீரம் என்பது பழைய சரக்கு, இப்போது எங்கே என்று கேட்பவர்களுக்கு: 2019 ஆகஸ்ட், கடையம் பக்கத்துத் தோட்ட வீடு. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தில் பின்னாலிருந்து துண்டைப் போட்டு இறுக்குகிறான் முகமூடிக் கொள்ளையன் ஒருவன். கையில் அரிவாளோடு இன்னொருவன். வீட்டுக்குள்ளிருந்து வந்த மனைவி முதலில் எடுத்து எறிந்தது வாசலில் கிடந்த செருப்பை. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டூல், கைக்கு வந்ததெல்லாம். பெரியவரும் விடுபட்டுச் சேர்ந்துகொள்ள, வந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். கேமராப் பதிவை நாடே பார்த்தது. சில நாளிலேயே சுதந்திர தின விழாவில் முதல்வர் கையால் துணிச்சலுக்கான விருது. இந்த விருதில் எனக்குப் பிடித்தது, காரியம் முன்னே வந்தது, பட்டம் பின்னே வந்தது. உலகம் முழுக்க ஒழுங்கான விருதுகள் இப்படித்தான் நடக்கின்றன. அமெரிக்காவில் 1904இல் ஒரு சுரங்க விபத்தில் மற்றவர்களை மீட்க உள்ளே இறங்கி மாண்டவர்களைப் பார்த்து ஆண்ட்ரூ கார்னகி ஒரு நிதி தொடங்கினார். அதில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பதக்கத்தோடு உதவிப் பணமும் உண்டு.

ஊடகத்தில் இருக்கிற நாங்கள்தான் இந்த வரிசையைக் கெடுக்கிறோம். தொலைந்த பர்ஸைத் திருப்பிக் கொடுத்த ஆட்டோக்காரரும் 'ரியல் ஹீரோ', கொரோனாக் காலத்தில் குப்பை அள்ளியவரும் 'ரியல் ஹீரோ'. 2020 மே மாதம் விமானத்திலிருந்து மருத்துவமனைகள் மேல் பூ தூவினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்தார்கள். தூய்மைப் பணியாளருக்கு ஹீரோ என்ற பட்டம் எளிதாகக் கிடைக்கிறது. கையுறையும் நிரந்தர வேலையும்தான் கிடைப்பதில்லை.

2023 டிசம்பர் 17 இரவு இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லி அரித்துப் போயிருந்தது. நிலைய அதிகாரி வண்டியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசிக்கவே முடியவில்லை. பயணிகளில் ஒரு பகுதியினரை அருகிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகு சாலையும் முறிந்தது. சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் ஊர்க் கோயிலில் உலை வைத்து, மாட்டிக்கொண்டவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம்தான், அவர்கள் வாழையும் நெல்லும் மூழ்கிக்கொண்டிருந்தன. ஹெலிகாப்டர் உணவு போடும்வரை அந்தக் கஞ்சிதான் பல நூறு பேருக்கு உயிர்த்தண்ணீர். 19ஆம் தேதி மீட்டு, மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் அனுப்பினார்கள்.

தொலைக்காட்சிகள் புதுக்குடியை வாயாரப் புகழ்ந்தன. தகும். அந்த ஊருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அந்தப் புகழ்ச்சி ஓடிய நேரத்தில் கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போயிற்று. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், அவற்றின் கால்வாய்களில் வரிசையாகக் குளங்கள். ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகவேண்டும். குளத்துக்கொரு நீர்பாய்ச்சி இருந்து, மழை இறங்கும்போதே மடையைப் பார்த்துத் திறக்கவேண்டும். அந்த ராத்திரி குளம் குளமாக உடைந்தது. மறுகால் ஓடையில் வீடு கட்ட அனுமதி கொடுத்தது யார்? கரைக்குக் கடைசியாக எப்போது மண் அணைத்தார்கள்? அதற்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் நமக்குக் கிடைத்தது ஒரு ஊரின் தியாகக் கதை. அரசு நிவாரணமாக மிகவும் பாதித்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வந்தது. ஒரு ஏக்கர் வாழைக்குக் கன்றும் உரமும் வாங்கவே அது காணாது.

புதுக்குடிக்காரர்கள் மறுபடி ஒருமுறை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அரிசி பொங்கவேண்டிய நிலை வரக்கூடாது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஸ்ரீவைகுண்டம் வடகாலிலும் தென்காலிலும் எந்தெந்தக் குளத்துக் கரை பலப்பட்டிருக்கிறது, எந்த மடைக்குக் கதவு இருக்கிறது, அந்த மடைக்கு இரவில் யார் பொறுப்பு என்ற பட்டியலை நீர்வளத்துறை ஊர் ஊராக வைக்கட்டும். பஸ் நிறுத்தத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, பெரிய ஃப்ளெக்ஸாகவே வைக்கட்டும்.